ஒன்றரை விரற்கடை

துவாரகா, புது டெல்லி
11.3.2002

அன்புள்ள உஷா,

நான் சௌக்கியம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது, அண்ணாச்சிக்குக் கண்ணில் சொட்டு மருந்து நிறுத்தியாயிற்றா என்பதை இந்தத் தடவையாவது தனித்தனியாக எழுது. "எல்லோரும் நலம்" என்று ஒரே வரியில் ஒரு குடும்பத்தையே முடித்துவிடாதே.

இதைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் உங்கள் வீட்டுத் தொலைபேசி கூடத்தில் இருக்கிறது. மருமகள் மீனாக்ஷி பக்கத்தில் நிற்பாள், நீ "ஆங், ஆங்" என்பதற்கு மேல் வாயைத் திறக்க மாட்டாய்.

பசியடக்கும் மாத்திரையை டாக்டர் ஜெயகிருஷ்ணன் நிறுத்திவிட்டார். என் ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது. உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு அடித்துக்கொள்கிறது. "மிஸஸ் பாலசுப்ரமணியம், நீங்க நாற்காலியில உக்காந்திருக்கீங்க, உங்க ஹார்ட் மட்டும் மாடிப்படி ஏறிட்டிருக்கு" என்றார். அப்போது நான் ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தது. என் நாத்தனாருக்கும் இதே மாத்திரையை அனுப்பிக்கொண்டிருக்கிறேன் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அவங்களை யார் பரிசோதிச்சது?" என்று கேட்டார். யாருமில்லை என்றேன். எந்த டாக்டர் முன்னாலும் நான் அதற்கு முன் தலை குனிந்ததில்லை.

ஆகவே, இந்தக் கடிதம் கண்டதும் நிறுத்திவிடு. மீதி இருப்பதைச் சாக்கடையில் போடு. ஒரு டாக்டரிடம் போய் ரத்த அழுத்தம் பார்.

எடை திரும்பிவிடுமே என்று நீ பயப்படுவாய். டாக்டரும் அதைத்தான் சொன்னார். எனக்கு அந்தப் பயம் இல்லை. எண்பத்து நாலிலிருந்து அறுபத்தேழுக்கு வந்தாயிற்று. இனி இதைக் காப்பாற்ற மாத்திரை எதற்கு? எங்கள் கான்வென்ட் விடுதியில் சாப்பாட்டு அறையில் மதர் மணி அடிப்பார். அடித்ததும் கை நிற்க வேண்டும். வாயில் இருப்பதை விழுங்கலாம், புதிதாக ஒரு கவளம் எடுக்கக் கூடாது. அப்படி வளர்ந்தவள் நான். அலாரம் கடிகாரத்தைச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்திருக்கிறேன். பன்னிரண்டு நிமிடம். நீயும் அப்படிச் செய்.

தனியாக ஒரு பார்சல் வரும். சரோஜினி நகரில் வாங்கிய ஆறு ஜாக்கெட் துணிகளும் புதிய அளவு ஜாக்கெட்டும் இருக்கும். இந்த ஊர்த் தையல்காரர்களுக்குக் கழுத்து வெட்டத் தெரியவில்லை. சதாசிவத்திடமே கொடு. அவரிடம் இருக்கும் பழைய அளவு ஜாக்கெட்டை வாங்கிக் கரித்துணியாக்கிவிடு. இனி அது வேண்டாம்.

அண்ணாச்சிக்கு என் வணக்கம். மீனாக்ஷிக்கும் பையன்களுக்கும் ஆசிகள்.

அன்புடன்,
அம்சவேணி

பி.கு.: சென்ற கடிதத்தில் நீ பின்கோடு எழுதவில்லை. நான்கு நாள் தாமதம்.


உ
முருகன் துணை
பாளையங்கோட்டை
20.3.2002

அன்புள்ள மதினிக்கு உஷாராணி எழுதுவது.

முழங்கால் தேவலை. அவர்களுக்குக் கண் சொட்டு மருந்து போன மாதமே நிறுத்தியாச்சு. மீனாக்ஷிக்கு லேசாகச் சளி. சின்னவன் கௌதமன் வேலை தேடுகிறான். தனித்தனியாக எழுதிவிட்டேன்.

உங்கள் கடிதம் படித்துவிட்டு உங்கள் நெஞ்சை நினைத்து அழுதுவிட்டேன். தனியாக இருக்கிறீர்கள். ராத்திரி ஏதாவது என்றால் யாரைக் கூப்பிடுவீர்கள்?

மாத்திரையை அன்றைக்கே நிறுத்திவிட்டேன் மதினி. கவலைப்படாதீர்கள். நீங்கள் மாத்திரை இல்லாமல் இருக்கும்போது நான் இருக்க மாட்டேனா? உங்களைப் பார்த்துத்தானே நான் மெலிந்ததே. அண்ணன் இருந்திருந்தால் நம்பியிருக்கவே மாட்டான். டெல்லியில் அந்த ஆட்டோக்காரன் நம் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, இரண்டு நடையாகப் போவோம் என்று சொன்னானே, ஞாபகம் இருக்கிறதா? அண்ணன் ரோட்டிலேயே நின்று சிரித்தான்.

சதாசிவம் புது அளவைப் பார்த்துவிட்டு, "இது டெல்லி அம்மா அளவா, இல்ல அவுக மக அளவா?" என்று கேட்டார். "அவுக அளவுதான், நீரு ஒழுங்கா வெட்டும்வே" என்றேன். பழையதை வாங்கிவந்துவிட்டேன். மாத்திரையை விட்ட பிறகு உங்கள் எடை எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.

இப்படிக்கு
உஷா


துவாரகா
16.5.2002

அன்புள்ள உஷா,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. இங்கே வெயில் நாற்பத்து மூன்று. கரண்ட் போனால் லிஃப்ட் நின்றுவிடுகிறது. மூன்று மாடியும் நடந்து ஏற வேண்டும். அங்கே எல்லோருக்கும் உடம்பு எப்படி இருக்கிறது?

ஜாக்கெட்டுகள் ஆறும் வந்து சேர்ந்தன. சதாசிவத்தின் கை சதாசிவத்தின் கைதான்.

என் எடையைக் கேட்டிருந்தாய். அப்படியே இருக்கிறது. ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது. இரவில் வாய் வறண்டு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளுமே, அது மாத்திரை நிறுத்திய வாரமே போய்விட்டது. தூக்கமும் வருகிறது.

பசியைப் பற்றி டாக்டர் ஒன்று சொன்னார். மாத்திரையை விட்டவர்களில் பலருக்கு முன்பு இருந்ததைவிட அதிகமாகப் பசிக்குமாம். மாலை நாலு மணி வாக்கில் தொடங்குமாம். சாப்பிட்டு எழுந்த பிறகும் சாப்பிடவில்லை என்றே உடம்பு சொல்லுமாம். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றபடியே சாப்பிடுகிறவர்கள் உண்டாம். தட்டில் போட்டுக்கொண்டால் அது சாப்பாடாகிவிடும் அல்லவா, அதனால். இப்படிப்பட்டவர்களுக்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

நீ எப்படிச் சமாளிக்கிறாய் என்று விவரமாக எழுது.

அன்புடன்,
அம்சவேணி


உ
முருகன் துணை
பாளையங்கோட்டை
28.5.2002

அன்புள்ள மதினிக்கு,

உங்கள் ரத்த அழுத்தம் இறங்கியது கேட்டு வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. இங்கே எல்லோரும் சுகம். மீனாக்ஷிக்குச் சளி போய்விட்டது.

என் எடையும் அப்படியேதான் மதினி. அறுபத்து நாலு. நீங்கள் சொன்னபடி கடிகாரம் வைத்துத்தான் சாப்பிடுகிறேன். விவரமாக எழுத ஒன்றும் இல்லை. பசிப்பதே இல்லை. இரண்டு இட்லியில் ஒன்றரையே போதும் என்று ஆகிவிடுகிறது. மீனாக்ஷிதான் சத்தம் போடுகிறாள். "அத்த, நீங்க சாப்பிடுததப் பாத்தா எனக்குப் பயமா இருக்கு. ஊருல என்னயத்தான பேசுவாக, மாமியாளப் பட்டினி போடுதாண்ணு" என்கிறாள்.

ஒரு விஷயம். கௌதமனுக்கு ஜூலை பதினைந்தாம் தேதி டெல்லியில் இன்டர்வியூ. மூன்று நாள் உங்களோடு இருப்பான். அத்தை கையால் சாப்பிட வேண்டும் என்று இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறான். உங்களுக்கு என்ன கொடுத்துவிட? கருப்பட்டியும் அல்வாவும் வேண்டாம்தானே?

இங்கேயும் வெயில் கொடுமை. தாகம் அடங்கவே மாட்டேன் என்கிறது. தலைமாட்டில் செம்பு நிறையத் தண்ணீர் வைத்துக்கொண்டுதான் படுக்கிறேன்.

இப்படிக்கு
உஷா


துவாரகா
2.7.2002

அன்புள்ள உஷா,

அங்கே எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். இங்கே மழை இன்னும் தொடங்கவில்லை.

கௌதமன் வருவது குறித்து. வீட்டில் வெள்ளையடிக்கிறார்கள். சாமான்களெல்லாம் நடுக்கூடத்தில் கிடக்கின்றன. படுக்க இடமில்லை. கரோல் பாகில் நம்மவர்கள் தங்கும் நல்ல விடுதி இருக்கிறது, முகவரியைக் கீழே எழுதியிருக்கிறேன். இட்லி கிடைக்கும். அவன் என்னைத் தேடி இவ்வளவு தூரம் வரவும் வேண்டாம். பஸ்ஸில் இரண்டு மணி நேரம் ஆகும். இன்டர்வியூவுக்கு வந்தவன் அலையக் கூடாது.

ஒன்றும் கொடுத்துவிட வேண்டாம்.

நீ ஒன்றரை இட்லியில் நிறுத்திவிடுகிறாய் என்று எழுதியதைப் பலமுறை படித்தேன். உன்னை நான் குறைவாக மதிப்பிட்டுவிட்டேன். பள்ளிக்கூடத்தில் உனக்குக் கணக்கு வராது, கடிதத்தில் பின்கோடு வராது, பாயசம் கண்டால் உனக்கு நிதானம் வராது என்றெல்லாம் உன் அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் கட்டுப்பாடு என்பது உன்னிடம்தான் இருந்திருக்கிறது.

இரண்டாவது மாடி மிஸஸ் கன்னா நேற்று லிஃப்டில் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டிஜி, ஆப்கீ ஹெல்த் பன் கயீ" என்றாள். உடம்பு பூசினாற்போல் ஆகிவிட்டது என்பதை இந்த ஊரில் இப்படித்தான் சொல்வார்கள். அந்த அம்மாள் கண்ணாடியை மாற்ற வேண்டும்.

அன்புடன்,
அம்சவேணி


உ
முருகன் துணை
பாளையங்கோட்டை
19.8.2002

அன்புள்ள மதினிக்கு,

ரொம்ப நாள் கழித்து எழுதுகிறேன். மன்னிக்கவும். உடம்பில் ஒரு அசதி. வேறு ஒன்றும் இல்லை.

நல்ல செய்தி. கௌதமனுக்கு வேலை கிடைத்துவிட்டது, சென்னைக் கிளையில். அவன் அந்த விடுதியிலேயே தங்கிக்கொண்டான். பரவாயில்லை மதினி. வெள்ளையடிக்கும்போது என்ன செய்ய முடியும்? ஆனால் கடைசி நாள் அத்தையை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு வரலாம் என்று துவாரகா வந்தானாம். காவல்காரர் மேலே ஃபோன் போட்டுப் பார்த்துவிட்டு, நீங்கள் வீட்டில் இல்லை என்று சொன்னாராம். கீழேயே நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டான்.

இன்னொரு நல்ல செய்தி. அவனுக்குப் பெண் பார்த்து முடிவாகிவிட்டது. தூத்துக்குடிப் பெண். தை மாதக் கடைசியில் கல்யாணம். அண்ணன் இடத்தில் நீங்கள்தான் நிற்க வேண்டும். பத்து நாள் முன்னாலேயே வந்துவிடுங்கள். சம்பந்தி வீட்டு அம்மாள் என்னைப் பார்த்து, "உங்களுக்கு இவ்வளவு பெரிய பையனா?" என்று கேட்டாள். வெட்கமாகப் போய்விட்டது. நம் இரண்டு பேரையும் சேர்த்துப் பார்த்தால் என்ன சொல்வாளோ!

உங்களுக்குப் பட்டு எடுத்திருக்கிறேன். இலைப் பச்சை. ஜாக்கெட் அதே புது அளவில்தானே தைக்க வேண்டும்?

தூக்கம்தான் வரமாட்டேன் என்கிறது. விடிய விடிய விழித்திருக்கிறேன். நாக்கு அட்டையாக வறண்டுபோகிறது. மழை பெய்து குளிர்ந்த பிறகும் தாகம் போகவில்லை. கல்யாணக் கவலையாக இருக்கும்.

இப்படிக்கு
உஷா


துவாரகா
9.9.2002

அன்புள்ள உஷா,

கௌதமனுக்கு வேலையும் பெண்ணும் ஒரே நேரத்தில் அமைந்தது பற்றி மிக்க மகிழ்ச்சி. உன் அண்ணன் படத்துக்கு முன்னால் விளக்கேற்றிச் சொன்னேன். உனக்கு உடம்பு அசதி என்றால் டாக்டரிடம் காட்டு. கல்யாணக் கவலை என்று நீயே முடிவு செய்யாதே.

அவன் வந்த அன்று நான் வெளியே போயிருந்தேன்.

அதே அளவுதான்.

கல்யாணத்துக்கு வருவதைப் பற்றி இப்போதே உறுதி சொல்ல முடியவில்லை. தையில் இங்கே கடும் பனி. ரயில்கள் பத்து மணி நேரம் தாமதமாகும். பார்க்கலாம். பட்டை இங்கே அனுப்பிவிடு, நான் வராவிட்டாலும் அன்றைக்கு உடுத்திக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்சவேணி


பாளையங்கோட்டை
25.10.2002

மதிப்பிற்குரிய தங்கச்சி அம்சவேணி அவர்களுக்கு ராஜகோபால் எழுதிக்கொண்டது. இறையருளால் தாங்கள் அங்கே நலமாக இருக்க வேண்டுகிறேன்.

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. இதை உஷாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

சென்ற வெள்ளிக்கிழமை கல்யாண மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்துவிட்டு வரும்போது ஜங்ஷனில் உஷா மயங்கி விழுந்துவிட்டாள். நெற்றியில் நாலு தையல். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். நெஞ்சுத் துடிப்பு ஒழுங்காக இல்லை, ரத்த அழுத்தம் மிக அதிகம் என்றார் டாக்டர். அதற்கு மாத்திரை கொடுத்தும் இறங்கவில்லை. "வேற ஏதும் மருந்து எடுக்கிறீங்களா?" என்று இரண்டு தடவை கேட்டார். இல்லை என்றே சொன்னாள். வீட்டுக்கு வந்த பிறகும் சரியாகச் சாப்பிடுவதில்லை. நான் சொன்னால், "மதினி இருக்காகள்லா, அவுகளப் பாருங்க, இந்த வயசுலயும் எப்படிக் கட்டா இருக்காக" என்கிறாள்.

தாங்கள் ஒரு வார்த்தை எழுதினால் கேட்பாள். எங்கள் வீட்டில் அவள் பயப்படுகிற ஒரே ஆள் டெல்லியில்தான் இருக்கிறது.

வணக்கத்துடன்,
ராஜகோபால்


துவாரகா
1.11.2002
(பதிவுத் தபால், பார்சலுடன்)

அன்புள்ள உஷா,

நேற்று உன்னோடு தொலைபேசியில் பேசினேன். மீனாக்ஷி எடுத்தாள். "டெல்லி பெரியம்மையா? இருங்க, அத்த டிவி பாக்காக" என்றாள். பிறகு நீ வந்தாய். எப்படி இருக்கிறாய் என்றேன். "நல்லா இருக்கேன் மதினி" என்றாய். நெற்றித் தையல் பிரித்தாயிற்றா என்றேன். "ஆங்" என்றாய். தூக்கம் வருகிறதா என்றேன். "ஆங்" என்றாய். உன் குரல் ஒட்டிக்கொண்டு வந்தது. நடுவில் இரண்டு முறை தண்ணீர் குடித்தாய். எனக்குக் கேட்டது.

உன் கடிதங்களையெல்லாம் எடுத்து வைத்துப் படித்தேன். மேயில் தாகம் என்று எழுதியிருந்தாய். வெயில் என்றாய். ஆகஸ்டில் நாக்கு அட்டையாக வறள்கிறது, தூக்கமில்லை என்று எழுதியிருந்தாய். கவலை என்றாய். எனக்கும் மாத்திரை எடுத்த நாளெல்லாம் நாக்கு அப்படித்தான் இருந்தது. நிறுத்திய வாரமே போய்விட்டது. உனக்குப் போகவில்லை.

இதற்குமேல் நான் எழுத வேண்டியதில்லை.

இது கிடைத்த மறுநாளே டாக்டரிடம் சொல்லிவிடு. மாத்திரையின் அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு போய்க் காட்டு. பத்தாம் தேதி ஞாயிறு காலை பத்து மணிக்கு மறுபடி ஃபோன் செய்வேன். "சொல்லிட்டேன்" என்றால் போதும். கூடத்தில் யார் இருந்தாலும் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லலாம். நீ அதைச் சொல்லாவிட்டால் அண்ணாச்சியைக் கூப்பிட்டு நான் சொல்வேன்.

இத்துடன் ஒரு அளவு ஜாக்கெட் அனுப்புகிறேன். சதாசிவம் மேயில் தைத்த ஆறில் ஒன்று. பக்கவாட்டுத் தையல் இரண்டையும் பிரித்து, கக்கத்திலிருந்து இடுப்புவரை நானே துண்டு கொடுத்திருக்கிறேன். அதே நிறத்தில் துணி கிடைக்கவில்லை. சேலைத் தலைப்பு மூடிக்கொள்ளும் என்று நினைத்தேன். மற்ற ஐந்தும் இதே மாதிரிதான். கல்யாண ஜாக்கெட்டை இந்த அளவில் தைக்கச் சொல். மார்ச்சில் அனுப்பியதைச் சதாசிவத்திடமிருந்து திரும்ப வாங்கிவிடு.

இந்த வீட்டுக்கு வெள்ளையடித்து இரண்டு வருடமாகிறது. ஜூலையில் கௌதமன் கீழே நின்றபோது நான் மேலேதான் இருந்தேன். பால்கனிக் கதவுக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். உன் அண்ணன் மாதிரியே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். அவனிடம் இதை நானே நேரில் சொல்கிறேன். நீ சொல்லாதே.

உஷா, சாப்பாட்டு அறை மணியைப் பற்றி உனக்கு எழுதியிருந்தேன். எத்தனையோ வருடம் அதை என் கட்டுப்பாடு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போதுதான் தோன்றுகிறது, அந்த மணியை நாங்கள் அடிக்கவில்லை. வேறொருவர் அடித்தார். மாத்திரையும் அப்படித்தான் அடித்துக்கொண்டிருந்தது.

ஞாயிறு பத்து மணி.

அம்சவேணி


உ
முருகன் துணை
பாளையங்கோட்டை
24.11.2002

அன்புள்ள மதினிக்கு உஷா எழுதுவது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் சொன்ன ஒரு வார்த்தை உங்களுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. நீங்கள் உடனே ஃபோனை வைத்துவிட்டீர்கள். அதனால் கேட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மார்ச்சில் நான் பொய் எழுதவில்லை. கடிதம் வந்த அன்றைக்கே நிறுத்தினேன். பத்து நாள் இருந்தேன். அதற்குள் பசி வந்துவிட்டது மதினி. அப்படி ஒரு பசியை நான் பிள்ளை உண்டாகியிருந்தபோதுகூடப் பார்த்ததில்லை. மீனாக்ஷி மாவரைத்து வைத்தால் பச்சை மாவை வழித்துத் தின்றேன். மூன்று கிலோ ஏறிவிட்டது. மதினி இருக்கிறார்கள், எனக்கு மட்டும் ஏன் முடியவில்லை என்று நினைத்தேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மருந்துக் கடையில் பழைய அட்டையைக் காட்டினேன். கேட்காமலே கொடுத்தான்.

பூஜை அறையில் விபூதிச் சம்புடத்துக்கு அடியில்தான் ஒளித்து வைத்திருந்தேன். காலையில் கும்பிடப் போகும்போது போட்டுக்கொள்வேன். "எங்க அத்த இப்பம் சாமி கும்பிட்டா அரை மணி நேரம் எழும்ப மாட்டாக" என்று மீனாக்ஷி தெருவெல்லாம் பெருமையாகச் சொல்லிவிட்டாள்.

டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. அதுதான் பயமாக இருந்தது. ரத்த அழுத்தம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. துடிப்பு சீராகவில்லை. அதற்கு இனிமேல் காலம் முழுவதும் மருந்து சாப்பிட வேண்டுமாம். வாசல்படி ஏறினாலும் நின்று மூச்சு வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். இது உங்களால் வந்தது என்று நினைக்காதீர்கள். கடிதம் போட்டு நிறுத்தச் சொன்னது நீங்கள்தானே.

வீட்டில் அவர்களிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உங்கள் ஜாக்கெட்டையும் காட்டினேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். அதன் ஒட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் பரீச்சையில தோத்த புள்ளைய மாதிரில்லா மார்க்க மறச்சிருக்கிய" என்றார்கள்.

எனக்கு நாலு கிலோ திரும்பிவிட்டது. இன்னும் ஏறும் என்றுதான் நினைக்கிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும். பழைய அளவு ஜாக்கெட்டைக் கரித்துணியாக்கச் சொன்னீர்கள். மனசு வரவில்லை. அண்ணன் இருந்தபோது நீங்கள் போட்டது. என் பெட்டியிலேயே வைத்துவிட்டேன். உங்கள் பார்சல் வந்த அன்று மதியம் எல்லோரும் தூங்கிய பிறகு, கதவைச் சாத்திவிட்டு மூன்று ஜாக்கெட்டையும் கட்டில்மேல் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுப் பார்த்தேன். எல்லாம் திரும்பிவிட்டது என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். இல்லை மதினி. இப்போது அனுப்பியது பழையதைவிட இரண்டு விரற்கடை குறைவாக இருக்கிறது. இரண்டு தடவை விரல் வைத்துப் பார்த்துவிட்டேன். மாத்திரை இல்லாமல் இத்தனை மாதம் நீங்கள் இருந்து, அது இன்னும் மிச்சமிருக்கிறது.

கல்யாண ஜாக்கெட்டில் உள்ளே நிறையத் துணி விட்டுத் தைக்கச் சொல்லியிருக்கிறேன், பிடிக்கவும் பிரிக்கவும். எனக்கும் அப்படித்தான். சதாசிவம், "எந்தப் பக்கம் போவீகன்னு ஒரு முடிவு சொல்லுங்கம்மா" என்கிறார்.

கட்டாயம் வர வேண்டும்.

இப்படிக்கு
உங்கள் உஷா


துவாரகா
4.12.2002

அன்புள்ள உஷா,

உன் கடிதம் வந்தது. பின்கோடு இருந்தது.

ஃபோனில் நீ சொன்னது கேட்டது. மேலே கேட்டால் நீ "ஆங்" என்பாய். அதனால் வைத்துவிட்டேன்.

என்னால் வந்தது இல்லை என்று எழுதியிருக்கிறாய். நீ அப்படி எழுதுவாய் என்று தெரியும். முதல் அட்டையை உனக்கு அனுப்பியது நான். அப்படியே இருக்கிறது என்று மேயில் எழுதியதும் நான். இந்தக் கணக்கை நீ போட வேண்டாம். உன் படிக்கட்டில் நீ நின்று மூச்சு வாங்கும்போது நான் பக்கத்தில் நிற்பதுதான் இப்போது முறை. கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால் இல்லை, மார்கழி பிறந்ததுமே புறப்படுகிறேன். டிக்கெட் எடுத்தாயிற்று. சென்னை ஸ்டேஷனுக்குக் கௌதமன் வந்து என்னை நெல்லை எக்ஸ்பிரஸில் ஏற்றிவிடட்டும். அவனிடம் பேச எனக்கு அந்த நேரம் வேண்டும். பிளாட்பாரத்தில் என்னைத் தேடும்போது மெலிந்த ஆளைத் தேட வேண்டாம் என்று சொல்லிவை.

டாக்டர் ஜெயகிருஷ்ணனிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். இந்த வயதில் பசியை ஜெயிக்கப் பார்க்காதீர்கள், தனியாகச் சாப்பிடாமல் இருக்கப் பாருங்கள் என்றார். தட்டில் போட்டு உட்கார்ந்து சாப்பிடச் சொன்னார். நாலு மணிக்குப் பசித்தால் நாலு மணிக்கும் ஏதாவது சாப்பிட வேண்டுமாம், சுண்டலோ மோரோ, ஒளிக்காமல். நேற்று அப்படிச் செய்தேன். மிஸஸ் கன்னாவைக் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்துக்கொண்டேன். அவள் நிறுத்தாமல் பேசினாள். ஆனால் நான் குளிர்சாதனப் பெட்டியை இரண்டாவது தடவை திறக்கவில்லை. அங்கே வந்த பிறகு உன் தட்டை நான் பார்த்துக்கொள்கிறேன், என் தட்டை நீ பார்த்துக்கொள். எடை எந்திரத்தைக் கையோடு கொண்டுவருகிறேன். கூடத்திலேயே வைக்கலாம்.

இரண்டு விரற்கடை என்று எழுதியிருந்தாய். பழைய ஜாக்கெட் ஒன்று இங்கேயும் பெட்டியில் கிடந்தது. ஒட்டுப் போட்டதை அதன்மேல் வைத்து நானும் அளந்து பார்த்தேன். உன் விரல் இன்னும் மெலிந்திருக்கிறது, அதனால்தான் உனக்கு இரண்டு என்று பட்டிருக்கிறது. என் விரலுக்கு ஒன்றரைதான்.

ஒன்றரை என்றே வைத்துக்கொள்வோம், உஷா. அதை விட வேண்டாம்.

அன்புடன்,
உன் மதினி